நாலு சைபர் கம்பிப் பஞ்சா, அலுமினியத் தாளா, பொலிஷா?

சில வருஷத்துக்கு முந்தி மாரியில் ஒரு இரவு அக்கரைப்பற்றில் இருந்து கல்லடிக்கு வந்துகொண்டிருந்தேன். களுவாஞ்சிகுடி தாண்டிய பிறகு, எதிரே வந்த பஸ்ஸின் லைட் பட்டதும் முன் கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. ரோடே தெரியவில்லை. வைப்பர் ரப்பர் மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. விடிந்ததும் கண்ணாடியில் நகத்தால் வருடிப் பார்த்தேன். வைப்பர் போகிற வளைவு முழுக்கச் சொரசொரப்பு.

வண்டி மாமா விட்டுப்போன மொரிஸ் மைனர் 1000. 1956க்கு முந்திய மைனர்களுக்கு முன் கண்ணாடி இரண்டு துண்டு, இதற்கு ஒரே துண்டாக வளைந்தது. கீறிவிட்டால் மட்டக்களப்பில் எங்கே போய்த் தேடுவது? அந்தப் பயத்தில் கம்பிப் பஞ்சு (மெல்லிய உருக்கு இழைகளின் உருண்டை), அலுமினியத் தாள், பொலிஷ் என்று ஒன்றுக்கு மூன்று வழியைப் பரீட்சித்துப் பார்த்தேன். பம்பரும் வீல் கப்பும் கறள் பிடித்துக் கிடந்தன, அவற்றையும் சேர்த்துக்கொண்டேன்.

முதலில் கண்ணாடி. இங்கே போட்டி பெரிதாக இல்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும். சுண்ணாம்புப் புள்ளி என்றால் வினாகிரியே கரைத்துவிடும், புதிதாக விழுந்ததற்கு வேறெதுவும் வேண்டாம். ஆனால் வருஷக்கணக்கில் படிந்த எண்ணெய்ப் புகையும் புள்ளியும் சேர்ந்து இறுகியது வினாகிரிக்கு அசையவில்லை. கண்ணாடி பொலிஷ் பண்ணுகிற சீரியம் ஒக்சைட் தூள் கண்ணாடியையே மெல்லிசாகத் தேய்த்து எடுக்கிற சாமான். மெஷின் வேண்டும், கை பழகியிருக்க வேண்டும், ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் பார்வை நெளியும். படிந்த அழுக்கை எடுக்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

கம்பிப் பஞ்சு என்றதும் எல்லோரும் பதறுவது இரும்பு கண்ணாடியைக் கீறும் என்றுதான். மோஸ் கடினத்தன்மை அளவில் (எண் கூடினால் கடினமும் கூடும்) சாதாரணக் கண்ணாடி கிட்டத்தட்ட 5.5. பஞ்சு செய்கிற மென்மையான உருக்கு 4 அளவில்தான் நிற்கும். மென்மையானது கடினமானதைக் கீறாது. ஆனால் குவார்ட்ஸ் மணல் 7. கல்லடியில் நிறுத்தி வைத்த வண்டியில் மணல் இல்லாமல் இருக்குமா? பஞ்சுக்குள் ஒரு மணி மாட்டினால் போதும், கோடு விழும். அதனால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். கீழே விழுந்த பஞ்சைத் திரும்ப எடுக்கவே கூடாது.

வாங்குவதில்தான் பலர் தவறுகிறார்கள். பலசரக்குக் கடையில் சட்டி தேய்க்க விற்கிற சுருள் கம்பி வேறு சாமான். நமக்கு வேண்டியது 0000, அதாவது நாலு சைபர். சைபர் கூடக் கூட இழை மெலியும், இதுதான் வழக்கமான வரிசையில் கடைசி. மேசை கதிரைக்குப் பொலிஷ் அடிப்பவர்கள் பாவிப்பது. காத்தான்குடியில் தளபாடம் செய்கிற ஒரு காக்காதான் (முஸ்லிம் அண்ணன்) பக்கெட்டைக் கையில் எடுத்து இலக்கத்தைக் காட்டினார். "தம்பி, கன்னத்தில வெச்சுப் பாருங்க. குத்தினா அது நாலு சைபர் இல்ல." வைத்துப் பார்த்தேன், உண்மையிலேயே பஞ்சு மாதிரித்தான் இருந்தது.

நிழலில் வைத்து, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, பக்கத்து சீற்றுக்கு முன்னால் கண்ணாடியின் மூலையில் கொஞ்சம் தேய்த்துப் பார்த்துவிட்டு ஆரம்பித்தேன். முதலில் கரகரவென்று சத்தம் வரும். அழுக்கு விட விடச் சத்தம் மெலிந்து, கடைசியில் பஞ்சு வழுக்கிக்கொண்டு போகும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டியதுதான். அரை மணித்தியாலத்தில் முன் கண்ணாடி முடிந்தது. அடுத்த மழையில் தண்ணீர் முத்தாகத் திரளாமல் தகடாக இறங்கியது, எதிர் லைட்டும் லைட்டாகவே தெரிந்தது.

குரோமுக்கு வந்தால் கதை வேறு. இங்கே அலுமினியத் தாள் உண்மையான போட்டியாளன். தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு களி வரும், கறளும் கூடவே வரும். அலுமினியம் குரோமை விட எவ்வளவோ மென்மையானது, அதனால் கீறல் பயம் குறைவு. வீல் கப் நாலையும் இதில்தான் முடித்தேன், அழகாக வந்தது. மனைவிக்குத்தான் கோபம்: "இஞ்ச, புள்ளைக்கு சாப்பாடு சுத்துற தாள் எங்க போச்சு?" பம்பரின் மடிப்புக்குள் மட்டும் தாள் கிழிந்து கிழிந்து போனது. பின் பம்பரில் பாதிக்கு இரண்டு பின்னேரம் போய்விட்டது. பசை பொலிஷ் மினுக்கம் கொடுக்கும், குழிக்குள் இறங்கிய கறளை எடுக்காது. அதைக் கடைசியில் பூசுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

கம்பிப் பஞ்சு முன் பம்பரை ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்தது. மடிப்பு, போல்ட் தலை, நம்பர் பிளேட்டுக்குப் பின்பக்கம் எல்லா இடத்துக்கும் போகும். சரி, அப்படியென்றால் பஞ்சுதானே என்று நானும் நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், சந்தன நிற மட்கார்டில் அம்மை போட்டது போலச் செம்மஞ்சள் புள்ளிகள்.

முதல் தடவை நான் காய்ந்த பஞ்சால் தேய்த்திருந்தேன். தேய்க்கும்போது இழைகள் ஒடிந்து தூளாக உதிரும், கண்ணுக்குக்கூடச் சரியாகத் தெரியாது. அந்தத் தூள் பெயின்ட் மேல் உட்கார்ந்து, இரவுப் பனியில் நனைந்து, உப்புக் காற்றில் கறள் பிடித்துவிட்டது. பம்பரின் குழிகளுக்குள்ளும் அதே தூள்தான். கறளைத் துடைக்கப் போய்க் கறளையே விதைத்திருக்கிறேன். மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இது இவ்வளவு சீக்கிரம் தெரியாமல் இருக்கலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி உள்ள எங்களுக்கு மூன்று நாளே போதும். அலுமினியத் தூள் இப்படிச் சிவக்காது, அந்த விஷயத்தில் தாளுக்குத்தான் வெற்றி.

அப்படியிருந்தும் நான் பஞ்சை விடவில்லை, பாவிக்கிற முறையை மாற்றினேன். குரோமில் இப்போது காய்ந்த பஞ்சே கிடையாது. மெல்லிய மெஷின் எண்ணெய் தடவித்தான் தேய்ப்பது, தூள் பறக்காமல் எண்ணெயோடு களியாக நின்றுவிடும். பக்கத்துப் பெயின்டுக்கு டேப் ஒட்டி, மேலே பழைய சாரம் ஒன்றை விரிப்பேன். முடிந்ததும் எண்ணெயைச் சீலையால் துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவுவது. மறுகா பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை சொப்பிங் பேக்கில் சுற்றி பம்பர், மட்கார்ட், வைப்பர் அடிப்பகுதி எல்லாம் மெதுவாகக் கொண்டுபோவேன். பேக்கைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பு மயிர் முளைத்தது போல இழை ஒட்டியிருக்கும். கழுவிய பிறகும் அவ்வளவு வருகிறது! கடைசியில் மெழுகு ஒரு பூச்சு. கச்சான் வீசுகிற மாதங்களில் இந்த வேலையைக் காற்று எழும்புமுன் காலையிலேயே முடித்துவிடுவேன். இப்படிச் செய்த பின்பக்கப் பம்பருக்கு இரண்டு மாரி போய்விட்டது, புள்ளி வரவில்லை. அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலங்காரக் குரோம் பூச்சின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அடியில் இருக்கிற நிக்கல்தான் தடித்த பூச்சு, இரும்பைக் காப்பதும் அதுதான். நீல வெள்ளை மினுக்கத்துக்கு நடுவே எங்காவது இளமஞ்சள் தெரிந்தால் அங்கே குரோம் போய்விட்டது. அந்த இடத்தில் பஞ்சை வைக்காதீர்கள், நிக்கல் மென்மையானது.

வீட்டில் வேகன் ஆர் ஒன்றும் நிற்கிறது. அதன் முன் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் மட்டும் நாலு சைபர் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. மழைத்தண்ணீர் ஒட்டாத பூச்சு அடித்த கண்ணாடி என்றால் பூச்சும் சேர்ந்து போகும். உள்பக்கம் ஒட்டிய டின்ட் தாள், பின் கண்ணாடியின் சூடேற்றும் கோடுகள், பிளாஸ்டிக் ஹெட்லைட், அலோய் வீல், இவற்றின் பக்கம் போகவே கூடாது. கிரில்லில் மினுங்குவது பிளாஸ்டிக்குக்கு மேல் போட்ட பூச்சு. அது கறள் பிடிக்காது, ஈரச் சீலை போதும்.

மிஞ்சிய பஞ்சு திறந்த பக்கெட்டிலேயே சிவந்துவிடும் என்பதால் மூடி இறுகிய ஜாம் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன். முதலில் போத்தலை கராஜில் பழைய பற்றரி பக்கத்து தட்டில்தான் வைத்தேன். இவ்வளவு மெல்லிய இரும்பு இழை இரண்டு முனையிலும் பட்டால் நொடியில் தீப்பிடிக்கும் என்று பிறகுதான் உறைத்தது. இப்போது அது குசினி அலுமாரியில், அலுமினியத் தாள் சுருளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கும் ஒரு நாள் பேச்சு விழும்.