அம்மப்பாவின் மொறிஸ் மைனரும் நானாவின் கராஜும்

திருகோணமலையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரை மினுக்கிக் கண்காட்சிக்கு வைக்கப்போகிறீர்கள் என்றால் இந்தக் கராஜ் உங்களுக்குச் சரிவராது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நிலாவெளிக்கும் கந்தளாய்க்கும் போய்வர வேண்டுமென்றால் நம்பிக் கொடுக்கலாம். எங்கள் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனரை அப்படித்தான் கொடுத்தோம்.

கார் அம்மப்பா வாங்கியது. அவருக்குப் பிறகு உவர்மலை வீட்டுக் கொட்டிலில் நெடுங்காலம் சும்மா நின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, பாவித்த சின்ன ஜப்பான் காரின் விலைகூட இரண்டு ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாமல் போனது. மாமியோடு சேர்த்து வீட்டில் ஐந்து பேர். கொட்டிலில் நிற்பதை எழுப்பினால் என்ன என்று என் கணவர்தான் கேட்டார்.

முதலில் காட்டிய இடத்தில் பெயின்டைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். பற்றறியையும் இப்போதைய கார்களுக்குப் பூட்டுவது போலப் பூட்டிவிட்டார்கள். அந்தக் காலத்து மைனரில் பொசிற்றிவ் முனைதான் காரின் பொடியோடு, அதாவது உடல் தகரத்தோடு, இணையும். அது தெரியாமல் செய்த வேலையில் கொஞ்ச வயரும் கருகியது. அங்கிருந்து காரை இழுத்துக்கொண்டு இந்தக் கராஜை நடத்தும் நானாவிடம் வந்தோம்.

அவர் பொனற்றைத் திறக்கவே இல்லை. தரைவிரிப்பை உருவி எறிந்துவிட்டு, ஸ்குரூட்ரைவரால் தகரத்தைக் குத்திப் பார்த்தார். சாரதியின் காலடியில் கைப்பிடி வரை உள்ளே போனது. கடற்காற்று ஊரில் கறள் மேலே தெரியுமுன் அடியில் வேலையை முடித்துவிடும் என்றார். பின் ஸ்பிரிங் பூட்டும் இடமும் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியும் அதே நிலைதான். பெயின்ட் எப்போது அடிப்பீர்கள் என்று கேட்டேன். "ஓடுறது பெரிய வேலையில்லை டீச்சர், நிக்கவேணும். பெயின்ட் கடைசியில பாப்பம்" என்றார். இந்த ஒரு பேச்சுக்காகவே அவரிடம் விட்டேன்.

மைனரின் பிறேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், சேஸிஸுக்குள் ஒளிந்திருக்கிறது. தண்ணீரும் மண்ணும் போய்ச் சேரும் இடம். நானா அதை மாற்றினார். நான்கு சில்லுகளின் சிலிண்டர்களும் குழாய்களும் புதிது. முழுப் பிறேக்குக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுத்தான் என்பதால், எங்கே ஒழுகினாலும் மிதி வெறுமையாகிவிடும். அதனால் கைப்பிறேக் கேபிளையும் விடவில்லை. காரை உவர்மலை ஏற்றத்தில் நிறுத்தி, கைப்பிறேக்கை மட்டும் இழுத்து, என்னை இறங்கி நின்று பார்க்கச் சொன்னார்.

அடுத்தது முன் சில்லு. சில்லைத் தாங்கித் திரும்பும் தண்டின் கீழ்முனை ஒரு மரைக்குள் சுழல்கிறது. கிறீஸ் காய்ந்தால் மரை தேயும். தேய்ந்த மரை ஒருநாள் கழன்று, சில்லு மடிந்து, கார் முகம்குப்புற விழும். எங்கள் வண்டியின் இடப்பக்கத் துண்டைக் கழற்றி என் கையில் தந்தார். மரை இருந்த இடம் விரலுக்கு வழுவழு என்றிருந்தது. இரண்டு பக்கமும் மாற்றியாயிற்று. 1500 கிலோமீற்றருக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்க வேண்டும், மறக்கவே கூடாது.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 948 சிசி, மினி காருக்குப் போட்ட அதே எஞ்சின் குடும்பம், அதனால் பாகங்களுக்குப் பெரிய தட்டுப்பாடு இல்லை. பெற்றோலில் இப்போது ஈயம் கிடையாது என்பதால் வால்வு இருக்கைகளைக் கடினமான உலோகத்தில் போட்டார். சூட்டுமானி இந்தக் காரில் வருவதே இல்லை. ஒன்று பூட்டித் தந்தார். எங்கள் வெயிலில் ஹபரணைப் பக்கம் போகிறவர்கள் கட்டாயம் பூட்டுங்கள். பொடித் தகடுகளும் சில்லறைச் சாமான்களும் கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் தேடி எடுத்தவை. ஒரு காலத்தில் இங்கிலாந்து மைனர்களுக்கே இலங்கையில் தகடு செய்து அனுப்பினார்கள் என்று நானா சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

சீற் பெல்ட்டுக்கு முன்னும் பின்னும் தடித்த தகடு ஒட்டி இடம் செய்தார். அப்புறம், கதவுத்தூணிலிருந்து நீளும் அந்தச் சின்ன மஞ்சள் சிக்னல் கை! பின்னால் வருகிறவர்களுக்கு இப்போது அது விளங்காது என்று மின்னும் விளக்குகளும் வைத்தார், ஆனால் கையைக் கழற்றவில்லை. சின்னவள் அதற்காகவே முன்சீற்றுக்குச் சண்டை பிடிக்கிறாள். அவளுக்குப் பின்சீற்தான்.

குறைகளும் உண்டு. சொன்ன தவணைக்கு வேலை முடியாது. பில் என்று தருவது கொப்பித் தாள். ஒவ்வொரு சாமானுக்கும் கடைத்துண்டைக் கேட்டு வாங்குங்கள், தயங்காமல் தருவார். இடது பின்கதவின் சாம்பல் நிறம் மற்றக் கதவுகளோடு சேரவில்லை. அதைத் திருத்தத்தான் வேண்டும், பெயின்ட் வேலையில் இவர் சுமார்தான். மொத்தச் செலவு ஏழரை லட்சம் ரூபா. அதில் பெரும்பங்கு வெல்டிங்குக்கும் பிறேக்குக்கும் போனது, ஒரு சதமும் வீணில்லை.

பிறேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது 1959இல் செய்த கார். காற்றுப்பையும் இல்லை, இடியைத் தாங்கி மடியும் முன்பகுதியும் இல்லை. ஆகவே மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் நாங்கள் போவதில்லை, இரவில் கந்தளாய் வீதிக்கு எடுப்பதுமில்லை.

கராஜ் அநுராதபுரச் சந்தியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இருக்கிறது, பெயர்ப்பலகை இல்லை. வெள்ளி மதியத்துக்குப் பிறகு பூட்டு. சனி காலையில் போனால் ஆளைப் பிடிக்கலாம். காரின் பதிவுப் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். எஞ்சின் இலக்கத்தைப் பார்க்காமல் அவர் சாமான் எடுக்கமாட்டார்.