கார்ட்ரிட்ஜ் பேட்டரி மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என் கேம் பாய் போக்கிமான் கோல்டு கார்ட்ரிட்ஜில் பள்ளி நாளில் விளையாடிய சேவ் (ஆட்டத்தை விட்ட இடத்தின் பதிவு) இத்தனை வருடமும் உயிரோடு இருந்தது. சேவ் அழியாமல் காப்பது உள்ளே இருக்கும் சிறு பேட்டரிதான்; அதிலேயே கடிகாரமும் ஓடுவதால் இதில் பேட்டரி சீக்கிரம் தீரும். அந்தப் பயத்தில்தான் மாற்றிவிடலாம் என்று ஆன்லைனில் ஒருவரைப் பிடித்தேன். “சேவ் போகாதே?” என்று இரண்டு முறை கேட்டேன். “அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்” என்றார்.

திரும்பி வந்தபோது சேவ் இல்லை. கேட்டால், “பேட்டரியைக் கழற்றினால் போகத்தானே செய்யும்!” கழற்றினால் போகும், உண்மைதான், மின்சாரம் நின்றதும் சேவ் இருக்கும் எஸ்ரேம் என்ற மெமரி சிப் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆனால் கார்ட்ரிட்ஜ் ரீடரில் செருகி சேவ் ஃபைலைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துவிட்டு, பேட்டரி மாற்றியபின் திரும்ப ஏற்றலாம். சில நிமிட வேலை. அதைக்கூடச் செய்யவில்லை.

சரி, போனது போகட்டும் என்று புதிதாக ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் கார்ட்ரிட்ஜ் கை தவறி மேஜையில் விழுந்தது, அவ்வளவுதான், அந்த சேவும் காலி. சந்தேகம் வந்து 3.8 மி.மீ. கேம்பிட் (இந்தக் கார்ட்ரிட்ஜ் ஸ்க்ரூவுக்கான தனி ஸ்க்ரூடிரைவர்) வாங்கிப் பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றினேன். இருக்க வேண்டியது, போர்டில் சால்டர் செய்வதற்காகத் தகடு வெல்டிங் செய்த சிஆர்2025 பேட்டரி. இருந்ததோ சாதாரண சிஆர்2016. கடைசி இரண்டு எண்கள்தான் தடிமன்: 2.5 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 1.6. கொள்ளளவும் ஏறக்குறைய பாதிதான். பழைய தகடுகளை வளைத்து, நடுவில் பேட்டரியைச் செருகி, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருந்தார். டேப்பின் பசை போர்டு வரை வழிந்திருந்தது. லேசாகத் தட்டினாலே தொடர்பு விட்டுப்போகும். கேம் பாயில் போட்டு உடனே பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், அதனால்தான் எனக்கும் முதலில் பிடிபடவில்லை.

போட்டோ அனுப்பினேன். “முன்னாடி யாரோ செய்த வேலை, நான் தொடவே இல்லை” என்று பதில். கொடுக்கும் முன் போர்டை நான் படம் எடுத்து வைக்கவில்லை, வாதாட வழியில்லை.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் திறந்து படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். தகடு வைத்த பேட்டரியா, என்ன எண், சேவ் ஃபைலை எடுத்து வைக்க ரீடர் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பேட்டரியின் மேலேயே நேராக சால்டர் வைப்பேன் என்பவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சூட்டில் அது வெடிக்கலாம்.

தகடு வைத்த சிஆர்2025 ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். டேப்பைப் பிரித்தபோது போர்டில் ஒரு பேடும் (சால்டர் வைக்கும் செப்புப் பரப்பு) கூடவே பிய்ந்து வந்துவிட்டது, இனி ஒயர் இழுத்துத்தான் ஒட்ட வேண்டும்.