குடியிருக்கிற வீடா, காலி வீடா? விற்கும் முன் படம் எடுப்பதில் எது எடுபடும்

சேலம் அழகாபுரத்தில் அம்மா வீட்டை விற்பது என்று முடிவானதும் புரோக்கர் வந்தார். நான்கே நிமிடத்தில் 11 படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முதல் படத்தில் ஹால் இருந்தது. அதோடு கொடியில் துண்டு, சுவரோரம் வரிசையாக ஆறு நீலக் குடம், பிரிட்ஜ் மேல் மருந்து டப்பா எல்லாம் இருந்தன. மூன்று வாரம் ஒருத்தரும் கூப்பிடவில்லை.

அப்புறம் அதே வீட்டை இன்னும் இரண்டு விதமாக எடுத்தோம். அடுத்த வருஷம் ஏற்காட்டில் மாமாவின் காட்டேஜை விற்கும்போதும் இந்த வேலை என் தலையில்தான் விழுந்தது. கீழே இருப்பதெல்லாம் இந்த இரண்டு வீட்டில் கற்றது.

முதலில் காலி வீடு. மாடி போர்ஷனில் ஆள் இல்லாததால் சாமான் மொத்தத்தையும் மேலே ஏற்றினோம். காலியாக எடுத்தால் வீடு பெரிதாகத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். படத்தில் நடந்தது தலைகீழ். 14 அடிக்கு 12 அடி ஹால், அளந்து பார்க்கக் கண்ணுக்கு ஒரு பொருள்கூட இல்லாததால் குடோன் அறை மாதிரி சுருங்கிவிட்டது. பீரோ இருந்த இடத்தில் சுவர் பளிச்சென்று தனிக் கட்டமாகத் தெரிந்தது. ஆணி ஓட்டைகளை எண்ணிவிடலாம். தரையோரம் உப்புப் பூத்துப் பொரிந்திருந்த இடம்தான் படத்தின் கதாநாயகன். போதாக்குறைக்கு, பார்த்தவர்களில் இரண்டு பேர் “அவசரமா விக்கறீங்களா?” என்று கேட்டே பேரத்தைத் தொடங்கினார்கள்.

குடியிருக்கிறபடியே எடுப்பதில் உயிர் இருக்கும், ஆனால் குடமும் இருக்கும். சேலத்தில் வீடு பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது “தண்ணி எப்படிங்க?” என்பதுதான். குழாயில் தண்ணீர் முறை வைத்து வருகிற ஊரில் குடமும் டிரம்மும் எல்லா வீட்டிலும் உண்டு, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் ஹால் படத்தில் ஆறு குடம் நின்றால், அந்தக் கேள்விக்கு நாம் வாய் திறக்கும் முன்பே படம் தப்பான பதிலைச் சொல்லிவிடுகிறது. குடங்களை அன்று ஒரு நாள் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டு, சம்ப் மூடியைத் திறந்து ஒன்று, மொட்டை மாடித் தொட்டி ஒன்று எனத் தனியாகப் படம் எடுத்தோம். போன் செய்தவர்களில் பாதிப் பேர் அந்தச் சம்ப் படத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: பாதி வீடு. சோபா, ஒரு கட்டில், சாப்பாட்டு மேசை, ஹால் உத்தரத்தில் தொங்கும் ஊஞ்சல், இவ்வளவுதான் கீழே திரும்பி வந்தன. பரணில் இருந்த அண்டா, பெட்டி எதுவும் வரவில்லை. சமையல் மேடையில் ஒரே ஒரு பித்தளைச் சொம்பு. பூஜை அலமாரியைத் துடைத்து விளக்கை மட்டும் வைத்தோம். வாங்குகிறவர் எந்தச் சாமி கும்பிடுகிறவரோ, இடம் எங்கே, எந்தத் திசை என்று தெரிந்தால் அவருக்குப் போதும்.

சந்தன மாலை போட்ட அப்பா படத்தில்தான் வேலை நின்றது. விற்பனைப் படத்தில் குடும்பப் படங்கள் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். சொல்வது சுலபம். “அவரை எங்க கண்ணு வைப்பே?” என்றார் அம்மா. கடைசியில் அவரே கழற்றி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, பின் அறைக் கட்டிலில் வாசலைப் பார்த்தபடி சாய்த்து வைத்தார். படம் எடுத்து முடித்ததும் முதலில் மாட்டப்பட்டது அதுதான்.

பெயின்டா, வெறும் சுத்தமா என்றால் சுத்தம். வீடு முழுக்கப் புது பெயின்ட் அடித்தால் ஈரத்தை மறைக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும். உப்புப் பூத்த சுவரை மட்டும் சுரண்டி, பட்டி பார்த்து, மூலையிலிருந்து மூலைவரை அடித்தோம். நடுவில் ஒட்டுப் போட்டால் பழைய நிறமும் புது நிறமும் படத்தில் தனித்தனியாகக் காட்டிக் கொடுக்கும். குழாயில் படிந்த உப்புக் கறைக்கு எலுமிச்சை போதும். அதே உற்சாகத்தில் மொசைக் தரைக்கு ஆசிட் ஊற்றிவிடாதீர்கள், பாலிஷ் போய்த் தரை செத்துவிடும்.

செல்போனா, போட்டோகிராபரா? சேலம் வீட்டுக்கு செல்போன் போதும். ஆனால் கேமரா ஜூமை 0.5 வைத்து எடுக்காதீர்கள். ஹால் கல்யாண மண்டபம் ஆகிவிடும், ஓரத்து பிரிட்ஜ் சாய்ந்து நிற்கும், நேரில் வருகிறவர் வாசலிலேயே ஏமாந்து போவார். 1 வைத்து, அறை மூலையில் நெஞ்சு உயரத்தில் பிடித்து, சுவர்க் கோடு நேராக நிற்கிறதா பார்த்து எடுத்தால் சரி. மின்விசிறியை நிறுத்துங்கள். வெள்ளை டியூப்பும் மஞ்சள் பல்பும் சேர்ந்து எரிந்தால் சுவர் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் காமாலை. புரோக்கருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருங்கித்தான் போய்ச் சேரும். வெளி ஆளை வைப்பதானால் அவர் முன்பு எடுத்த வீட்டுப் படங்களைக் கேளுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் கல்யாண போட்டோகிராபர்கள்தான் வருவார்கள். மணப்பெண்ணை அழகாகக் காட்டத் தெரிந்தவருக்கு வாஷ்பேசின் பிடிபட நேரம் ஆகும்.

முகப்புக்கு காலையா மாலையா என்பதைத் திசை முடிவு செய்யும். கிழக்குப் பார்த்த வீடு காலை, மேற்கு மாலை. எங்கள் வீடு வடக்கு, அங்கேதான் சிக்கல். சேலத்தில் சித்திரை பிறந்து ஒரு வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சி வெயில் தலைக்குக் கொஞ்சம் வடக்கே நிற்கும், அப்போது வடக்கு முகப்பில் வெயில் விழும். மார்கழியில் நாள் முழுக்க நிழல்தான், எதிரே சூரியனைப் பார்த்து எடுக்க வேண்டியிருக்கும். நாங்கள் எடுத்தது மார்கழியில். சூரியன் மறைந்த பத்தாவது நிமிடம், உள்ளே விளக்கு எல்லாம் போட்டு, வாசலில் அம்மா காலையில் போட்ட கோலம் பாதி அழிந்து கிடக்க ஒரு படம். மொத்தத்தில் அதுதான் நன்றாக வந்தது.

ஏற்காட்டில் போட்டி வேறு: பனியா, வெயிலா. “ஏற்காடுன்னா பனிதானே மாப்ள” என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். பனியில் எடுத்த படம் காலண்டருக்குப் போட்டுவிடலாம், அவ்வளவு அழகு. ஆனால் அதில் வேலி எங்கே, பாதை எங்கே, பக்கத்து வீடு எவ்வளவு தூரம் என்று ஒன்றும் தெரியவில்லை. சுவரின் பாசி மட்டும் நன்றாகத் தெரிந்தது. நார் பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்துக் கழுவி, மழை விட்ட மறுநாள் காலை வெயிலில் மறுபடி எடுத்தோம். சில்வர் ஓக் நடுவே ஓட்டுக் கூரை, காப்பிச் செடி முடிகிற வேலி, கார் திரும்பும் இடம் எல்லாம் வந்தன. பனிப் படம் ஒன்றைக் கடைசியில் சேர்த்தோம், மாமாவுக்காக.

அங்கே மட்டும் போட்டோகிராபரை வைத்தேன். அழகாபுரத்து வீட்டைப் பார்க்க வருகிறவர் ஐந்து ரோட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்துவிடுவார். மலை வீட்டைக் கேட்பவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார், 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்கு முன் படத்திலேயே பாதி முடிவு எடுத்துவிடுவார். அதோடு பெரிய கண்ணாடி ஜன்னல்: வெளியே பள்ளத்தாக்கு, உள்ளே இருட்டு. ஸ்டாண்டில் கேமராவை வைத்து வெவ்வேறு வெளிச்சத்தில் ஐந்து படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்தார். என் செல்போனில் ஒன்று ஜன்னல் வெளுத்தது, இல்லை அறை கறுத்தது. மே மாதக் கோடை விழா சமயத்தில் மட்டும் ஆளைக் கூப்பிடாதீர்கள், பாதி நாள் வழியிலேயே போய்விடும்.

அழகாபுரம் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர் பணத்தை நீட்டிவிட்டு செல்போனில் எங்கள் ஹால் படத்தைக் காட்டினார். “இந்த ஊஞ்சல் வீட்டோடதானேங்க?” ஏசி, கீசர், இன்வெர்ட்டர் பற்றியெல்லாம் பேசிவைத்த நாங்கள் ஊஞ்சலைப் பற்றி யோசிக்கவே இல்லை. அம்மா என்னைப் பார்த்தார், நான் சங்கிலியைப் பார்த்தேன். கொடுத்துவிட்டோம்.