1917, 1941: அமெரிக்கா போருக்குள் இழுக்கப்பட்ட இரண்டு வழிகள்

ஐரோப்பாவின் சண்டை நமக்கு வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்த அமெரிக்கா, இரண்டு உலகப் போர்களிலும் கடைசியில் இறங்கியது. இறங்கிய விதம்தான் வேறு.

முதல் முறை அது படிப்படியாக நடந்தது. 1915 மே மாதம் ஜெர்மானிய நீர்மூழ்கி லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை மூழ்கடித்ததில் 128 அமெரிக்கர்கள் இறந்தார்கள். அப்போதும் நாடு அசையவில்லை; போரிலிருந்து நம்மைக் காத்தவர் என்ற முழக்கத்தோடுதான் அதிபர் வில்சன் 1916 தேர்தலில் வென்றார். இதற்கிடையே பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் அமெரிக்க வங்கிகள் பெருங்கடன் கொடுத்திருந்தன. 1917 பிப்ரவரியில் நீர்மூழ்கிகள் கட்டுப்பாடின்றி வேட்டையாடத் தொடங்கின. கூடவே ஜெர்மானிய வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் அனுப்பிய தந்தி: எங்களோடு சேர்ந்தால் டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்டுக்கொள்ளலாம் என்று மெக்சிகோவுக்கு ஜெர்மனி ஆசை காட்டியது. போலி என்று மறுத்துத் தப்பித்திருக்கலாம், சிம்மர்மனே ஒப்புக்கொண்டார். ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை 373-50 என்று போருக்கு வாக்களித்தது. அந்த 50தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தயக்கம் கடைசிவரை உயிரோடு இருந்தது.

1941 டிசம்பர் 7 அன்று அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரில் ஜப்பான் வீசிய குண்டுகள் அந்தத் தயக்கத்தை ஒரே காலையில் துடைத்தெறிந்தன. மறுநாள் வாக்கு 388-1. இரண்டு போர்களையும் எதிர்த்து வாக்களித்த சபை உறுப்பினர் ஜெனட் ராங்கின், இம்முறை சூழ்ந்துகொண்டவர்களிடமிருந்து தப்பித் தொலைபேசிக் கூண்டுக்குள் ஒதுங்க வேண்டியிருந்தது. ஆனாலும் ஒரே காலை என்பது பாதி உண்மைதான். பிரிட்டனுக்கு ஆயுதம் தர மார்ச்சிலேயே சட்டம் வந்துவிட்டது. கோடையில் ஜப்பானுக்கு எண்ணெய் நிறுத்தப்பட்டது. அந்த வாக்கெடுப்பும் ஜப்பானுக்கு எதிரானது மட்டுமே. ஐரோப்பியப் போருக்குள் அமெரிக்காவை இழுத்தவர் ஹிட்லர். டிசம்பர் 11 அன்று அவரே முந்திக்கொண்டு போர் அறிவித்தார்.