நட்சத்திரக் கேள்வியா, நட்சத்திரமில்லாக் கேள்வியா?

டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா, மடித்து மடித்துக் கிழியத் தொடங்கிய மருந்துச் சீட்டைக் காட்டினார். அரசு மருந்தகத்துக்கு மூன்று முறை நடந்தும் மருந்து இல்லையாம். "எம்.பி.யை விட்டுக் கேள்வி கேட்க வைக்கலாமா?" என்றார்.

கேட்கலாம். நட்சத்திரக் கேள்வி என்றால் மக்களவையில் காலை 11 மணிக்கு அமைச்சரே எழுந்து பதில் சொல்ல வேண்டும். அப்புறம் துணைக் கேள்விகள் வரும். மழுப்பினால் அங்கேயே மடக்கலாம். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் ஒரு நாளைக்கு 20 மட்டுமே, அதிலும் சிலவற்றுக்குத்தான் நேரம் கிடைக்கும்.

நட்சத்திரமில்லாதது 230 வரை. எழுத்தில் பதில், துணைக் கேள்வி கிடையாது. கணக்கு விவரம் வாங்க இது போதும்.

சரி மாமா, முதலில் எழுத்தில் விவரம் வாங்கச் சொல்லுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எம்.பி. நட்சத்திரக் கேள்வி கேட்கட்டும்.