கம்யூனிட்டி காலேஜ் நர்சிங் சேர்க்கை: மூன்றரை வருடம் அலைந்தவள் எழுதும் விமர்சனம்

மே மாதக் கடைசியில் கடிதம் வந்தது. ஆகஸ்டில் வகுப்பு. கலிஃபோர்னியாவில் எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடத்தில் இருக்கும் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது அரசு நடத்தும் இரண்டு வருடக் கல்லூரியில், இரண்டு வருட நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. இந்த இரண்டு வருடப் படிப்பில் சேர மட்டும் எனக்கு மூன்றரை வருடம் ஆனது, அதில் ஒரு வருடம் முழுக்க வீண். அந்த வருடம் இன்னொருத்தருக்கு வீணாகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு கல்லூரியில் மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். படிப்புக்கும் ஆசிரியர்களுக்கும் 5-க்கு 5. கட்டணத்துக்கு 5-க்கு 5. சேர்க்கைத் தகவலை மாணவருக்குப் புரியவைக்கும் விதத்துக்கு 5-க்கு 2, அதற்கு மேல் மனம் வரவில்லை.

கட்டணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், பலர் இங்கேயே தப்பு பண்ணுகிறார்கள். கலிஃபோர்னியாவில் வசிப்பவராகக் கணக்கில் வந்தால் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். யூனிட் என்பது பாடத்தின் அளவு, அதை வைத்துத்தான் கட்டணம். சேருவதற்கு முன் நான் படிக்க வேண்டியிருந்த பாடங்கள், வேதியியல் 4 யூனிட், ஆங்கிலம் 4, அனாடமி 5, ஃபிசியாலஜி 5, மைக்ரோபயாலஜி 5, ஆக மொத்தம் 23 யூனிட், 1,058 டாலர். புத்தகமும் இதர கட்டணங்களும் தனி. வசிப்பவர் கணக்கில் வராவிட்டால் இதே யூனிட்டுக்குப் பல மடங்கு. அதனால் மாநிலத்துக்கு வந்து ஒரு வருடமும் ஒரு நாளும் ஆனதற்கான தாள்களை, வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல், ஓட்டுநர் உரிமம் என்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். வருடம் முடிவதற்கு ஒரு மாதம் முன்னால் அவசரப்பட்டுச் சேர்ந்துவிட்டு பெரிய தொகை கட்டிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும், ஒரே ஒரு செமஸ்டர் பொறுத்திருந்தால் போதும். தனியார் நர்சிங் பள்ளிகள் சீக்கிரம் சேர்த்துக்கொள்வார்கள், உண்மைதான், ஆனால் அங்கே கேட்கும் பணத்தைப் பார்த்தபோது எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு அன்றோடு முடிந்துபோனது.

இரண்டு வருடப் படிப்பு என்றால் மட்டமா என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். இல்லை. நான்கு வருட பி.எஸ்சி. முடித்தவரும் நாங்களும் எழுதுவது நர்ஸ் உரிமத்துக்கான ஒரே என்கிளெக்ஸ் தேர்வுதான், கிடைக்கும் உரிமமும் ஒரே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம்தான். சில பெரிய மருத்துவமனைகள் வேலைக்கு எடுக்கும்போது பி.எஸ்சி. கேட்கும், அதை வேலை பார்த்துக்கொண்டே பிறகு முடிக்கலாம்.

சரி, இப்போது குறைக்கு வருகிறேன்.

கல்லூரி தரும் சேர்க்கைத் தாளில் எல்லாம் இருக்கிறது. ஒரு வரி கூடப் பொய் இல்லை. எந்தப் பாடம், எத்தனை கிரேடு, என்ன தேர்வு, என்ன தடுப்பூசி என்று எல்லாமே நாலு பக்கத்தில் அடங்கிவிடும். அதில் இல்லாதது ஒன்றே ஒன்று, எதை முதலில் செய்ய வேண்டும் என்பது. அந்த வரிசை தெரியாததால்தான் எனக்கு ஒரு வருடம் போனது.

நான் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்தவள், 2009-ல் முடித்தேன். 2022 ஜனவரியில் இங்கே சேர்க்கை அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, வெளிநாட்டுப் படிப்பு என்றால் அது இங்கே எதற்குச் சமம் என்று ஒரு மதிப்பீடு வாங்கி வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அதை நான் மைக்ரோபயாலஜி மறுபடி படிக்க வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வருடம் வேதியியல், ஆங்கிலம், அடுத்து அனாடமி, 2023 ஆரம்பத்தில் ஃபிசியாலஜி என்று முடித்துவிட்டு, அந்த வருட இரண்டாம் பாதியை முழுக்கச் சும்மா விட்டேன். வேண்டிய பாடமெல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்பு. 2024 ஜனவரியில், விண்ணப்பம் திறக்க மூன்று வாரம் இருக்கும்போது, நர்சிங் துறைக்கென்று இருக்கும் கவுன்சிலரை, அதாவது படிப்பு ஆலோசகரைப் பார்த்தேன். அவர் தாளில் ஒரு வரியைக் காட்டினார்: அறிவியல் பாடங்கள் ஏழு வருடத்துக்குள் முடித்ததாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே இன்னொரு வரி, ஆய்வகப் பாடங்களுக்கு வெளிநாட்டுக் கல்லூரியை ஏற்பதில்லை. இரண்டையும் நான் படித்திருந்தேன், ஆனால் மைக்ரோபயாலஜியிலேயே பட்டம் வாங்கியவளுக்கும் இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் கல்லூரியில் வருடத்துக்கு ஒரே முறை, பிப்ரவரியில்தான் விண்ணப்பம். மைக்ரோபயாலஜியை அந்த வசந்தகால செமஸ்டரில் படித்து 2025 பிப்ரவரி வரை காத்திருந்தேன்.

இதற்காக அந்த அலுவலகத்தில் இருந்தவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. விதி சரியானதுதான், அதன் மேல் கோபமில்லை. முதல் நாளே "நர்சிங் கவுன்சிலரைப் பார்த்துவிட்டு வா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொதுக் கவுன்சிலர் வேறு, நர்சிங் கவுன்சிலர் வேறு. பொதுக் கவுன்சிலரிடம் நூறு படிப்புகள் இருக்கும், ஒவ்வொன்றின் நுணுக்கமும் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. நர்சிங் கவுன்சிலரிடம் நேரம் வாங்குவதுதான் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, பாடத்தில் பெயர் பதிவதற்கும் முன்னால்.

அந்தப் பதிவிலும் ஒரு சிக்கல் உண்டு. புது மாணவருக்குப் பதிவு செய்யும் வாய்ப்பு கடைசியில்தான் வரும், அதற்குள் அனாடமி நிரம்பிவிடும். காத்திருப்புப் பட்டியலில் பதினோராவது ஆளாக இருந்தேன். முதல் நாள் வகுப்புக்குப் போய்ப் பின் வரிசையில் நின்றேன், வராதவர்களின் இடத்தை ஆசிரியர் வந்து நிற்பவர்களுக்குத் தருவார், அதற்கு ஆட் கோடு என்று ஒரு அனுமதி எண் கொடுப்பார். அன்று எனக்குக் கிடைத்தது. என் பக்கத்தில் நின்ற பெண்ணுக்குக் கிடைக்கவில்லை, அவள் அடுத்த செமஸ்டரில்தான் எடுத்தாள். எனவே பட்டியலில் பின்னால் இருந்தாலும் வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள், போய் நில்லுங்கள். கிடைத்த பிறகு ஒன்று கவனம்: அனாடமியையும் ஃபிசியாலஜியையும் வேலை, குழந்தை, எல்லாம் வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் எடுத்து, தாங்காமல் பாதியில் விலகுபவர்கள் நிறைய. நான் விண்ணப்பித்த கல்லூரியில் அறிவியல் பாடத்தை மறுபடி எடுத்தால் அது கணக்கில் வரும், விலகியதும் வரும். ஒன்று ஒன்றாக எடுத்து நல்ல கிரேடு வாங்குவது மேல்.

இனி நான் மனசார நன்றி சொல்ல நினைக்கும் பகுதி. நான் தூக்கிப்போட நினைத்த அந்த மதிப்பீட்டு அறிக்கை வேறு விதத்தில் கை கொடுத்தது.

அதை வாங்கியதே பெரிய கதை. இங்கே உள்ள மதிப்பீட்டு நிறுவனம், டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் மதிப்பெண் பதிவைப் பல்கலைக்கழகம் மூடிய உறையில், மேல் மூடியில் முத்திரையும் கையெழுத்தும் போட்டு அனுப்ப வேண்டும் என்றது. எங்கள் அப்பா, அறுபத்தெட்டு வயது, மூன்று முறை பஸ் ஏறி தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அலுவலகத்துக்குப் போனார். முதல் முறை டி.டி. எடுத்த பெயர் தப்பு என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை கையெழுத்துப் போடுபவர் விடுப்பு. மூன்றாம் முறை காலை ஒன்பதரைக்குப் போய் மாலை நாலரைக்கு உறையோடு வெளியே வந்து, எனக்கு இங்கே விடியும் முன்னரே அழைத்து, "கெடச்சிருச்சும்மா, முத்திரை மேலயே ஒட்டிருக்கு" என்றார். அந்த உறை கடைசியில் மைக்ரோபயாலஜிக்கு உதவவில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

ஆனால் இங்கே பல கல்லூரிகள் விண்ணப்பங்களைப் புள்ளி போட்டு வரிசைப்படுத்துகின்றன. கிரேடு, நுழைவுத் தேர்வு, ஏற்கெனவே வாங்கிய பட்டம், மருத்துவமனை வேலை அனுபவம், குடும்ப வருமானம், ராணுவ சேவை என்று பல வகையில் புள்ளி உண்டு. அதில் ஒன்று ஆங்கிலம் அல்லாத மொழித் திறன். மாநிலக் கல்விச் சட்டத்திலேயே சைகை மொழி, அரபு, சீனம், பாரசீகம், ருஷ்யன், ஸ்பானிஷ், தகலாக் என்ற பட்டியலில் இந்தியத் துணைக்கண்டத்து மொழிகளும் இருக்கின்றன. நோயாளியோடு அவர் மொழியில் பேசத் தெரிந்த நர்ஸ் வேண்டும் என்பதுதான் எண்ணம். தமிழுக்குப் புள்ளி உண்டா என்று கவுன்சிலரிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். உண்டு, ஆதாரம் வேண்டும் என்றார். என் மதிப்பீட்டு அறிக்கையில் பகுதி ஒன்று தமிழ், நான்கு செமஸ்டர், மதிப்பெண்ணோடு அச்சாகியிருந்தது. மைக்ரோபயாலஜிக்காக அப்பா வாங்கி அனுப்பிய உறை எனக்குத் தமிழுக்கும் பட்டத்துக்கும் புள்ளி வாங்கித் தந்தது. இதைப் பல தமிழர்கள் கேட்பதே இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் ஆதாரத்தை ஒவ்வொரு விதமாகக் கேட்கும், சில கல்லூரிகளில் புள்ளி முறையே கிடையாது, குலுக்கல்தான். உங்கள் கல்லூரி எந்த முறை என்று முதலிலேயே கேளுங்கள், அதைப் பொறுத்துத்தான் உங்கள் உழைப்பை எதில் போடுவது என்பதே.

அனுபவப் புள்ளிக்காக நான் சி.என்.ஏ. எனப்படும் உதவி நர்ஸ் பயிற்சி முடித்தேன். இங்கே குறைந்தது 160 மணி நேரம், அதில் 100 மணி நேரம் முதியோர் இல்லத்தில் நேரடி வேலை. புள்ளிக்காகத்தான் போனேன், ஆனால் படுக்கையில் இருக்கும் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்துத் துடைத்து உடை மாற்றிய பிறகுதான் இந்த வேலை எனக்கு வரும் என்று தெரிந்துகொண்டேன். புள்ளி இல்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள் என்பேன்.

நுழைவுத் தேர்வின் பெயர் டீஸ் (TEAS). 170 கேள்வி, 209 நிமிடம், வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம் என்று நாலு பகுதி. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் தேர்ச்சிக்கு 62 சதவீதம். ஆனால் புள்ளி முறை உள்ள இடத்தில் 62 வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது, எண்பதைத் தாண்டப் பாருங்கள். நம்மவர்களுக்குக் கணக்கு சுலபம், அதிலேயே நேரத்தைச் செலவழித்துப் பயிற்சி செய்வார்கள். உண்மையில் இழுப்பது ஆங்கிலப் பகுதி, 37 கேள்விக்கு 37 நிமிடம், யோசிக்க இடமே இல்லை. அறிவியலில் மற்றதைவிட அதிகக் கேள்வி உடற்கூறிலும் உடலியக்கத்திலும்தான் (அதாவது அனாடமி, ஃபிசியாலஜி), அதனால் ஃபிசியாலஜி முடித்த சூட்டோடு எழுதுவது நல்லது. என் கல்லூரியில் முதல் முறை எழுதியதைத்தான் எடுத்துக்கொள்வார்கள், சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம் என்று போகாதீர்கள்.

இடம் கிடைத்த பிறகும் ஒரு சுற்று இருக்கிறது, அதற்குக் கொடுக்கும் அவகாசம் குறைவு. குற்றப் பின்னணி சோதனை, போதைப்பொருள் பரிசோதனை, அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பி.எல்.எஸ். அட்டை (இதயம் நின்றவருக்குச் செய்யும் உயிர்காப்புப் பயிற்சி), எல்லாம் பணம் கட்டினால் முடிந்துவிடும். தடுப்பூசிதான் மாட்டிவிடும். ஹெபடைடிஸ் பி வழக்கமான மூன்று ஊசிக்கு ஆறு மாதம் வேண்டும், கடிதம் வந்த பிறகு ஆரம்பித்தால் எட்டாது, விண்ணப்பிக்கும் முன்பே போட ஆரம்பியுங்கள். சின்ன வயது அட்டையெல்லாம் ஊரில் தொலைந்துபோயிருக்கும், பரவாயில்லை, டைட்டர் என்ற ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இருந்தால் போதும். ஆறு வயதில் எனக்கு அம்மை போட்டு வேப்பிலையில் கிடத்தியிருந்தார்கள், அது ரத்தத்தில் அப்படியே தெரிந்தது.

காசநோய்ச் சோதனையில் மட்டும் கட்டாயம் கவனம் வேண்டும். நம் கையில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருக்கிறது. தோலில் குத்திப் பார்க்கும் சோதனை செய்தால் அந்தத் தடுப்பூசியினாலேயே வீங்கிக் காட்டக்கூடும். எனக்கு வீங்கியது, எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள், இரண்டு நாள் சாப்பிடவே முடியவில்லை. பிறகு ரத்தத்தில் பார்க்கும் குவாண்டிஃபெரான் சோதனை எடுத்ததில் ஒன்றும் இல்லை என்று வந்தது. பி.சி.ஜி. இந்த ரத்தச் சோதனையைப் பாதிக்காது. எடுத்த எடுப்பிலேயே எனக்கு ரத்தச் சோதனைதான் வேண்டும் என்று கேளுங்கள்.

ஊரில் ஏற்கெனவே பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம்.மோ முடித்து வந்தவர்கள் இந்தப் பாதைக்கே வர வேண்டாம். உங்கள் டிரான்ஸ்கிரிப்ட்டை மாநில நர்சிங் போர்டுக்கு அனுப்பச் செய்யுங்கள், ஏதாவது பாடம் குறைந்தால் எதை மட்டும் படிக்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். கணவர் அல்லது மனைவியின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருப்பவர்கள் படிக்கத் தடை இல்லை, ஆனால் முடித்த பிறகு வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டும், அதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

போன வாரம் கல்லூரியில் புது மாணவர் அறிமுகக் கூட்டம் நடந்தது. நர்சிங் கவுன்சிலரிடம் ஒரு தாள் கொடுத்துவிட்டு வந்தேன், எந்த மாதம் எதைச் செய்ய வேண்டும் என்று நானே வரிசையாக எழுதியது. படித்துப் பார்த்துவிட்டு, இதைச் சேர்க்கை அலுவலகத்தில் வைக்கிறேன் என்றார். வைத்துவிட்டார்களா என்று ஆகஸ்டில் போய்ப் பார்ப்பேன், வைத்திருந்தால் அந்த 5-க்கு 2-ஐ மாற்றிவிடுகிறேன்.