டெர்செட்டோ வீட்டில் ஆபத்து எங்கே? 'அலோன் இன் தி டார்க்' பல முறை விளையாடிய பிறகு

2024 மார்ச் 20இல் 'அலோன் இன் தி டார்க்' என்ற திகில் வீடியோ கேம் வந்தபோது விமர்சனங்கள் கலவையாக இருந்தன. வீடும் கதையும் பிடித்தது, சண்டை பிடிக்கவில்லை என்பதுதான் பெரும்பாலானவற்றின் சாரம். அதன் பிறகு இரண்டு பாத்திரங்களாகவும் முடித்து, மறுபடியும் தொடங்கி விளையாடிக்கொண்டிருக்கிறேன். சண்டை பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் கோளாறின் வேர் துப்பாக்கியில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

கதை 1920களின் லூசியானாவில் நடக்கிறது. ஹார்ட்வுட் குடும்பத்துப் பெண் எமிலி, காணாமல் போன தன் உறவினர் ஜெரமியைத் தேடி டெர்செட்டோ என்ற மாளிகைக்கு வருகிறாள். துணைக்கு அவள் அமர்த்தியவர் எட்வர்ட் கார்ன்பி என்ற தனியார் துப்பறிவாளர். மாளிகை இப்போது மனநலம் குன்றியவர்களின் விடுதி. எமிலியாக விளையாடலாம், கார்ன்பியாகவும் விளையாடலாம். நடித்திருப்பவர்கள் ஜோடி கோமரும் டேவிட் ஹார்பரும். கசங்கிய கோட்டு, தொப்பி, யாரையும் நம்பாத முகம் என்று பழைய துப்பறியும் படச் சாயல் முழுக்க இருக்கிறது. ஜேசன் கோனெனின் இசை அந்தச் சாயலுக்கு உயிர் கொடுக்கிறது. அவ்வளவு மெதுவான ஜாஸை வேறெந்த கேமிலும் நான் கேட்டதில்லை. இரவில் ஹெட்போன் போட்டுத்தான் இதை விளையாட வேண்டும்.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரைக்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பெரிய வீடு என்றால் என்னவென்று தெரியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வரிசையாகப் போகும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பங்காளிகள் வெளியூரில் இருப்பார்கள், விசேஷத்துக்கு மட்டும் திறப்பார்கள், அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு. கானாடுகாத்தானில் அப்படி ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்வதுதான் அப்பாவின் வேலை. எந்தச் சாவி எந்த அறைக்கு என்பது அவருக்கு இருட்டிலும் தெரியும். டெர்செட்டோவில் கொஞ்ச நேரம் நடந்ததும் எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. இந்தப் படிக்கட்டு எங்கே இறங்கும், இந்தப் பூட்டுக்கு எந்தப் பக்கத்து அறையில் துப்பு கிடக்கும் என்பதெல்லாம் வரைபடத்தைப் பார்க்காமலே தெரிய ஆரம்பிக்கிறது. ஒவ்வோர் அறையும் அதில் குடியிருப்பவரின் குணத்தைச் சொல்கிறது. கிடைக்கும் கடிதங்களையும் குறிப்புகளையும் எழுதியவர்களின் குரலிலேயே கேட்கலாம் என்பதால், ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் என் தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து கதையைப் பிடித்துக்கொண்டான்.

நன்றாகத் தெரிந்த வீடு என்பதால்தான் இந்த கேமின் நல்ல தருணங்கள் அப்படி உறைக்கின்றன. பத்துத் தடவை திறந்த கதவுக்குப் பின்னால் திடீரென்று நியூ ஆர்லியன்ஸ் தெரு நிற்கிறது. ஜெரமியின் நினைவுகளுக்குள் நாம் நுழைந்துவிட்டோம். "அண்ணே, இது நம்ம போன ரூமுதானே?" என்று தம்பி கேட்டான். அதைவிட நல்ல விமர்சனம் எனக்குத் தெரியாது.

ஆனால் உள்ளே போனதும் சுட வேண்டியிருக்கிறது. கைத்துப்பாக்கி, ஷாட்கன், டாமி கன் எல்லாம் உண்டு. கையில் எடுக்கும் கோடரியும் மண்வெட்டியும் சில அடிகளில் உடைந்துவிடும். செங்கல்லும் தீக்குண்டும் குவிந்து கிடந்தால் அடுத்து சண்டை என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, அப்புறம் எங்கே பயம் வரும்? பதுங்கிப் போவதற்கு இடம் வைத்திருக்கிறார்கள், ஆனால் பொறுமையாகப் பதுங்குவதற்குப் பலன் இல்லை. ஓவியர் கை டேவிஸ் (Guy Davis) வடிவமைத்த அரக்க உருவங்கள் அருவருப்பூட்டும் அழகுடையவை. வகைதான் குறைவு.

இதெல்லாம் எல்லாரும் சொன்னதுதான். எனக்கு உறுத்துவது, சண்டை நடக்கும் இடம். 1992இல் இன்ஃபோகிராம்ஸ் வெளியிட்ட முதல் 'அலோன் இன் தி டார்க்' இதே டெர்செட்டோவின் மேல்மாடத்தில்தான் தொடங்கும். ஜன்னல் வழியாக ஒரு மிருகம் வரும். அலமாரியைத் தள்ளி ஜன்னலை அடைக்கலாம், தரைக்கதவின் மேல் பெட்டியை நகர்த்தி வைக்கலாம். அங்கே வீட்டைத் தெரிந்துகொள்வதுதான் ஆயுதம். ஃபிரெடெரிக் ரேனால் குழுவின் அந்த யோசனை பின்னால் வந்த எத்தனையோ திகில் கேம்களுக்கு அடித்தளம். 2024 பதிப்பு வீட்டையும் ஆபத்தையும் பிரித்துவிட்டது. புதிர் வீட்டுக்குள், ஆபத்து பெரும்பாலும் நினைவுலகத்தில். இவ்வளவு கவனமாகக் கட்டிய வீட்டில் நிம்மதியாக உலாவ முடிகிறது என்பதுதான் பெரிய இழப்பு. நாம் கற்றுக்கொண்ட படிக்கட்டில் எதுவும் நம்மைத் துரத்துவதில்லை. துப்பாக்கியை எவ்வளவு திருத்தியிருந்தாலும் இந்தக் குறை தீர்ந்திருக்காது.

புதிர்கள் பழைய பாணி, வேகத்தைக் குறைக்கின்றன என்ற குற்றச்சாட்டை மட்டும் நான் ஏற்கவில்லை. துப்பறிவாளர் கதை மெதுவாகத்தான் போக வேண்டும். கேள்வி கேட்க வேண்டும், அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும், ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு இன்னோர் அறைக்கு நடக்க வேண்டும். கேமின் செட்டிங்ஸில் 'ஓல்டு ஸ்கூல்' என்ற தேர்வு இருக்கிறது, அதைப் போட்டால் உதவிக் குறிப்புகள் மறைந்துவிடும். முதல் தடவையே அப்படி விளையாடுங்கள். அப்போதுதான் வீடு மனதில் பதியும்.

இரண்டாவது பாத்திரத்தின் ஓட்டம் அலுப்புத் தட்டுகிறது. அதே புதிர்கள், பெரும்பாலும் அதே இடங்கள். உரையாடல்களும் சில காட்சிகளும்தான் மாறுகின்றன. அதனால் ஒரு தடவைதான் விளையாடுவேன் என்பவர்கள் எமிலியை எடுங்கள். குடும்பத்துப் பைத்தியம் தனக்கும் வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு இருக்கிறது, வீட்டில் கேட்கும் ஒவ்வொரு பேச்சுக்கும் அது கனம் கூட்டுகிறது. கார்ன்பியை ஒரு இடைவெளி விட்டு, ஆறு மாதம் கழித்து எடுத்தால் நல்லது.

உருவாக்கிய ஸ்வீடன் நிறுவனம் பீசஸ் இன்டராக்டிவ் 2024 ஜூனில், கேம் வந்து மூன்று மாதத்தில், மூடப்பட்டது. இதே கைகள் இந்த வீட்டைத் திருத்தி இன்னொரு முறை கட்டும் வாய்ப்பு போய்விட்டதே என்பதுதான் என் வருத்தம். வாங்குகிறவர்கள் தள்ளுபடி விலை வரும்வரை பொறுத்திருந்து வாங்குங்கள். சண்டைக்குக் கடின நிலை வேண்டாம், எளிய நிலையே போதும். மிச்ச நேரத்தை அறைகளில் செலவிடுங்கள்.